உம்மா அன்னையான கதை

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தென்மாவட்டத்துக் கடற்கரை ஊரிலிருந்து சென்னைக்கு வந்து ஓராண்டே ஆனவர். பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை; இரவில் கவிதை. கையோடு கொண்டுவந்திருந்த குறிப்பேட்டை நீட்டி, "ஐயா, படித்துவிட்டுக் குறை சொல்ல வேண்டும்" என்றார். புரட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் என் கண் நின்றது. 'வாப்பா' என்று எழுதிய சொல்லைக் கோடிட்டு அடித்துவிட்டு அதன் மேல் 'தந்தை' என்று எழுதியிருந்தார்.

"இதை ஏன் அடித்தீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் புரிய வேண்டுமே, ஐயா!" என்றார் அவர்.

அவருக்கு அப்போது ஏற்ற மறுமொழி கூற என்னால் இயலவில்லை. அந்தக் கோட்டை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் அறிவேன். அதே கோட்டை என் கையாலேயே ஒருமுறை போட்டவன் நான். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நாகூரை அடுத்த சிற்றூரிலிருந்து 1975-ஆம் ஆண்டில் நான் சென்னைக்கு வந்தேன். இரவு ரயிலில் ஏறி, விடியலில் எழும்பூரில் இறங்கியபோது என் பெட்டியில் இரண்டு கைலி, இரண்டு சட்டை, ஒரு கட்டுக் கவிதை ஆகியவை இருந்தன. பெரியமேட்டில் தோல் வணிகர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை. தங்கியது திருவல்லிக்கேணியில், 'மேன்ஷன்' என்று பெரும்பெயர் தாங்கிய ஒரு கட்டடத்தில், நால்வருக்கு ஓர் அறை. பெரியமேடு எனக்குச் சோறு போட்டது. திருவல்லிக்கேணி எனக்குத் தமிழ் போட்டது என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அது மிகையன்று. தமிழ்க் கவிதைக்கு அந்தப் பேட்டையோடு உள்ள உறவு பெரிது. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில்தான் பாரதியார் தம் இறுதி நாட்களைக் கழித்தார். 1921-இல் அங்கேயே மறைந்தார். பிள்ளையார் கோயில் தெருவில் குடியிருந்துகொண்டுதான் சி. சு. செல்லப்பா 'எழுத்து' என்னும் ஏட்டை 1959-இல் தொடங்கினார். பதினோராண்டு அதனைத் தாங்கி நடத்தி, புதுக்கவிதைக்கு ஒரு களம் அமைத்தார். கையில் பையோடு ஊர் ஊராகச் சென்று புத்தகம் விற்றவர் அவர். அந்தத் தெருக்களுக்கு எட்டும் தூரத்திலேயே 1795-இல் எழுப்பப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. கோயில் மணியும் பாங்கொலியும் கலந்து ஒலிக்கும் அந்தத் தெருக்களில் தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

நம் சமுதாயத்துக் கவிஞர்களுக்கும் இந்த நகரம் புதிதன்று. குணங்குடி மஸ்தான் சாகிபு தம் வாழ்வின் பிற்பகுதியை இங்கேதான் கழித்தார். இராயபுரத்தில் அடங்கியிருக்கிறார். அவர்மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு குளிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைத் தேடிச் சென்று, நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். 'இவர் இருந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் கிடைக்காதா?' என்பதே என் நினைப்பாக இருந்தது.

இடம் இரண்டு வகையில் கிடைத்தது. ஒன்று கவியரங்கம், மற்றொன்று சிற்றேடு.

எழுபதுகளில் சென்னையில் கவியரங்கம் இல்லாத விழா அரிது. பொங்கலுக்குக் கவியரங்கம், தலைவர் பிறந்தநாளுக்குக் கவியரங்கம், மீலாது விழாவுக்குக் கவியரங்கம். அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் பாட்டாலேயே அழைப்பார். அழைக்கப்பட்டவர் அவையடக்கம் கூறி, தலைவரைப் போற்றி, பிறகே பொருளுக்கு வருவார். ஒரு வரியை இருமுறை படிப்பார். கூட்டம் காத்திருக்கும். மூன்றாம் முறை அடுத்த வரியோடு சேர்த்துப் படித்து முடிக்கும்போது கைதட்டல் எழும். எங்கே கைதட்டல் எழும் என்பதை அறிந்து எழுதுவதே அங்குக் கலை. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கலையை நானும் ஓரளவு கற்றுக்கொண்டேன்.

ஆனால், ஒன்றை மெல்ல மெல்ல உணர்ந்தேன். எந்தத் தலைப்பு எவருக்கு என்று பங்கிடும்போது, ஒருமைப்பாடு என்னும் தலைப்பு தவறாமல் என் பெயருக்கு நேராக வந்து விழும். மழையைப் பாட ஒருவர், காதலைப் பாட ஒருவர்; நல்லிணக்கத்தைப் பாட நான். நல்லிணக்கம் பாடத் தகாத பொருளன்று. எனினும், எனக்கும் மழை பெய்யும் அன்றோ?

அக்காலத்தில் எங்களுக்கு வழிகாட்டிகளும் இருந்தனர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த அப்துல் ரகுமான், 1974-இல் 'பால்வீதி'யை வெளியிட்டிருந்தார். கவியரங்க மேடையையும் ஆண்டார். குறியீடும் படிமமும் நிறைந்த நூலையும் தந்தார். உருது முஷாயிராவின் நயம் அறிந்தவர். பின்னாளில் கஸலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதே 1974-இல் மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' வெளிவந்தது. எங்கள் மேன்ஷனில் அதைப் படிக்காத அறை இல்லை. புதுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த இன்குலாப், கீழக்கரை மண்ணின் மைந்தர். இயற்பெயர் சாகுல் அமீது. புரட்சி என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லையே தம் பெயராக வைத்துக்கொண்டு தமிழ்க் கவிதை நூலின் முகப்பில் நின்றார். எவரும் அந்தப் பெயருக்கு அடிக்குறிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அதிலிருந்து நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

மற்றொரு வகை இடம், சிற்றேடுகளைச் சுற்றிக் கூடிய சிறு கூட்டங்கள். 1970-இல் 'கசடதபற', 1978-இல் 'ழ' என்று ஏடுகள் இந்நகரில் எழுந்த காலம் அது. அவற்றைப் போலவே பெயர் பெறாமல் சில இதழ்களோடு நின்றுபோனவையும் பல. மாடியறை ஒன்றில் பத்துப் பேர் அமர்ந்திருப்பர். ஒருவர் படிப்பார். கைதட்டல் இராது. நெடிய மௌனத்திற்குப் பின் ஒருவர், "மூன்றாவது வரி எதற்கு?" என்பார். கவியரங்கத்தில் ஆயிரம் பேர் தட்டிய வரி அந்த அறையில் ஒரு கேள்விக்கு நில்லாமல் உதிர்ந்துவிடும். எனக்கு அது முதலில் துன்பமாகவும் பின்னர்ப் பெருஞ்சுவையாகவும் இருந்தது. சொல்லைக் குறைக்கக் கற்றது அங்கேதான். அந்த நன்றியை நான் மறந்தவனல்லன்.

1979-இல் ஒரு கவிதை எழுதினேன். நோன்பு மாதத்தில் என் உம்மா சஹர் நேரத்தில் எழுந்து சமைப்பதைப் பற்றியது. வீடு முழுவதும் உறங்கும். கொல்லைக் கிணற்றில் வாளி இறங்கும் ஓசை கேட்கும். சிம்னி விளக்கைக் கையில் பிடித்தபடி உம்மா அடுப்படிக்குப் போவார்கள். முந்திய இரவே அரைத்து வைத்த மசாலாவில் ஆணம் கொதிக்கும். எங்களை ஒவ்வொருவராக எழுப்பிப் பசியாறச் சொல்வார்கள். கடைசியில், பாங்கு சொல்ல ஒரு மிடறு நேரமே இருக்கும்போது, தாம் ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் அருந்திவிட்டு நிய்யத்து வைப்பார்கள். இவ்வளவுதான் கவிதை. அதில் நல்லிணக்கம் இல்லை. கைதட்டத் தக்க வரியும் இல்லை. சென்னையின் மேன்ஷன் அறையில், நோன்பு நாளில் உணவு விடுதி எதுவும் திறவாத பின்னிரவில், பிஸ்கோத்தும் தண்ணீரும் உண்டு படுத்தபோது எழுதியது.

அந்தச் சிறு கூட்டத்தில் வந்துகொண்டிருந்த ஓர் இதழின் ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் பெயர் இங்கு வேண்டா. நன்றாகப் படித்தவர், கவிதை தெரிந்தவர். முப்பத்திரண்டு வரிகளில் பதினொன்றை நீக்கினார். நீக்கிய பதினொன்றும் நீக்கத் தக்கவையே என்று இன்றும் சொல்வேன். அதனால்தான் அதன்பின் அவர் கூறியதையும் நான் நம்பினேன்.

"கவிதை நன்றாக இருக்கிறது. ஆனால் உம்மா, சஹர், ஆணம்... இவையெல்லாம் அடிக்குறிப்புக் கேட்கும் சொற்கள். அடிக்குறிப்போடு வரும் கவிதை நொண்டும். பொதுச் சொற்களாக மாற்றிவிட்டால் இது எல்லாருடைய தாயைப் பற்றிய கவிதையாகிவிடும்" என்றார்.

எல்லாருடைய தாய்! இளம் கவிஞனுக்கு அதைவிட மயக்கம் தரும் சொல் வேறு உண்டா? இதழ் அச்சாகிக்கொண்டிருந்த கூடத்திற்கு மறுநாள் மாலை நானே சென்றேன். திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் இருண்ட அறை. இரண்டு ட்ரெடில் பொறிகள். ஈய எழுத்துகள் நிறைந்த அறைப் பெட்டிகள். வயது முதிர்ந்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் மெய்ப்புத் தாளை என் முன் வைத்தார். பேனாவை எடுத்து 'உம்மா'வை அடித்து 'அன்னை' என்று எழுதினேன். 'சஹர்' இருந்த இடத்தில் 'வைகறை' வந்தது. 'ஆணம்' குழம்பாயிற்று. 'பசியாற' என்பதை 'உண்ண' என்று மாற்றினேன்.

பெரியவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "தம்பி, இது உங்கள் விருப்பம்தானே?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். "எனக்கொன்றும் சிரமமில்லை. அதுவும் மூன்று எழுத்து, இதுவும் மூன்று எழுத்து. வரி அசையாது" என்று சொல்லி, சிறு இடுக்கியால் மூன்று எழுத்தை எடுத்து மூன்று எழுத்தை வைத்தார். என் உம்மா இருந்த இடத்தில் அன்னை அமர்ந்ததற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஊர் சென்றபோது இதழையும் எடுத்துச் சென்றேன். என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. குர்ஆன் ஓதுவார்கள், அரபுத் தமிழ் நூல்களைத் தங்குதடையின்றிப் படிப்பார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதிவைத்த நம் முன்னோரின் கொடையால் மார்க்கமும் கதையும் மருத்துவமும் அறிந்த தலைமுறை அது. அந்தப் பெண்களை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கணக்கெடுப்போர் எழுதிச் செல்வது தனிக் கொடுமை.

பெருநாள் மாலை. முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். என் லாத்தா இதழை வாங்கி, உம்மாவுக்காக உரக்கப் படித்தார். உம்மா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு வாப்பா. யாரு இந்தப் பொம்பளை? ஒன் சேக்காளி வூட்டுத் தாயாரா? பாவம், வெள்ளனவே எழுந்திரிச்சு ஆக்குறாங்க" என்றார்கள்.

லாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் உம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. "ஆமா உம்மா, சேக்காளி வூட்டுலேதான்" என்று சொல்லிவிட்டேன்.

என்ன பிழை செய்தேன் என்பதை அன்றிரவு படுக்கையில் எண்ணிப் பார்த்தேன். 'வைகறை' அழகிய சொல். ஆனால் வைகறையில் எழுந்து சமைப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. சஹர் என்பது வைகறைக்கும் முந்திய நேரம். பாங்கு ஒலித்தால் முடிந்துபோகும் நேரம். அந்த நேரம் போனபின் அந்தி வரை ஒரு துளி நீரும் இல்லை. பிள்ளைகளைப் பசியாறச் செய்துவிட்டுத் தாம் தண்ணீரோடு நோன்பு பிடித்த ஒருத்தியின் கதை அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. சொல்லை எடுத்தேன்; நோன்பே கவிதையைவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது, காரணமின்றி விரைவாகச் சமைக்கும் யாரோ ஓர் அன்னை. எல்லாருடைய தாயாக்கப் போய், எவருடைய தாயாகவும் இல்லாமல் ஆக்கிவிட்டேன். தம்மைப் பற்றிய கவிதையில் தம்மை அடையாளம் காண முடியாமல் என் உம்மா வேறொருத்திக்காக இரங்கினார்கள்.

மேலும் ஒன்று. நான் வெட்கப்பட்டு விலக்கிய சொற்களில் பாதி, தூய தமிழ்ச் சொற்கள்! ஆணம் என்பது குழம்பு என்னும் பொருளில் தமிழ் அகராதியில் உள்ள சொல். பசியாறுதல் என்பதைவிட உண்பதற்கு இனிய தமிழ் உண்டா? ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும் வழங்கிய நம் முன்னோர் தமிழை அஞ்சியவர்களா? தமிழ் போதுமான இடத்தில் தமிழை எடுத்தார்கள். அரபு வேண்டிய இடத்தில் அரபை வைத்தார்கள். யாரிடமும் இசைவு கேட்கவில்லை. உமறுப் புலவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாவைப் பாடும்போது, அரபு நாட்டை நம் மருத நிலத்து எழிலோடு வருணித்தார். அதே நாவால் தீன் என்றும் கலிமா என்றும் தயங்காமல் பாடினார். விருத்தம் நொண்டவில்லை. என் இருபத்தொரு வரி மட்டும் நொண்டிவிடும் என்று நான் அஞ்சினேன்.

ஆசிரியர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அதே இதழில் ஐரோப்பியக் கவிஞர் ஒருவரின் மொழிபெயர்ப்பும் வந்திருந்தது. நாம் கண்டறியாத மரங்களின் பெயர்கள் அதில் இருந்தன. அவற்றுக்கு அடிக்குறிப்பு இல்லை, நாங்களும் கேட்கவில்லை. தொலைதூரத்து மரத்திற்குக் காட்டிய பொறுமையை அடுத்த வீட்டு அடுப்படிக்குக் காட்ட அந்த அறையில் எவருக்கும் தோன்றவில்லை. அந்த அடுப்படியில் வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை என்பதே என் குறை.

1983-இல் உம்மா மௌத்தானார்கள். உண்மையைச் சொல்லும் வாய்ப்பு அதோடு போயிற்று. அதன்பின் நெடுங்காலம் நான் கவிதை எழுதவில்லை. ஞாயிறுதோறும் பழைய புத்தகம் தேடி அலைந்த மூர் மார்க்கெட்டும் 1985-இல் எரிந்து சாம்பலாயிற்று. மேன்ஷனைவிட்டுக் குடும்பத்தோடு வேறு பேட்டைக்குச் சென்றேன். வாசகனாக மட்டும் இருந்தேன்.

அப்படி இருந்த நாளில், 1988-இல், தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வந்தது. தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு அப்படியே அச்சில் நின்றது. எனக்கே விளங்காத சொற்கள் பல. ஆயினும் ஓரிடத்திலும் கதை என்னைவிட்டு விலகவில்லை. தமிழுலகம் அந்நூலைத் தள்ளிவிடவில்லை, தலைமேல் வைத்துக்கொண்டது. 1997-இல் அவருடைய 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. 2000-இல் சல்மாவின் முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது. என் உம்மாவைப் போன்ற பெண்களை அடுப்படிக்கு வெளியே நின்று மகன் பார்த்து எழுதியதற்கும், வீட்டுக்குள்ளிருந்து பெண்ணே எழுதியதற்கும் உள்ள தொலைவை அப்போது கண்டேன். அந்தக் கவிதைகளோடு உடன்படாதவர்கள் நம்மிடையே உண்டு. அதை நான் அறிவேன். ஆனால், யாரோ ஒருத்தி என்று எவரும் அவற்றைப் படித்துவிட்டுக் கேட்க முடியாது.

சென்னைப் புத்தகக் காட்சிக்குத் தவறாமல் செல்லும் வழக்கம் எனக்கு உண்டு. 1977-இல் அது முதன்முதலாக அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் நடந்தபோது, பெரியமேட்டிலிருந்து வேலை முடிந்து நடந்தே சென்று பார்த்தவன் நான். பிறகு பல்லாண்டு காயிதே மில்லத் பெயரால் அமைந்த மகளிர் கல்லூரியில் நடந்தது. இந்த மாநகரின் புத்தகத் திருவிழா நம் பெயர் தாங்கிய இரு வளாகங்களில் வளர்ந்தது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. இன்று அரங்குகள் பெருகிவிட்டன. நம் வீட்டுச் சொற்களோடு எழுதும் இளைஞர்களின் நூல்களும் அங்கே இருக்கின்றன. ஆயினும், என்னைத் தேடி வந்த தம்பி 'வாப்பா'வை அடித்திருந்தார். எந்த ஆசிரியரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லாமலே கை தானாக அடிக்கிறது. இதுதான் என்னை எழுதத் தூண்டியது.

அவர் சென்றபின் பழைய கட்டிலிருந்து அந்த இதழைத் தேடி எடுத்தேன். தாள் பழுத்திருந்தது. பென்சிலால் ஒவ்வொரு சொல்லாக மீட்டு எழுதினேன். அன்னையை அடித்து உம்மா. வைகறையை அடித்து சஹர். குழம்பு மீண்டும் ஆணமாயிற்று. நீக்கப்பட்ட பதினொரு வரிகளைத் திரும்பச் சேர்க்கவில்லை.

ஊரிலிருக்கும் லாத்தாவுக்கு இப்போது எண்பது வயதாகிறது. தொலைபேசியில் அழைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். முடித்ததும் மறுமுனையில் மௌனம். அழுகிறார்களோ என்று எண்ணினேன்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா சிம்னி வெளக்குன்னு எழுதியிருக்கியே, அது தப்பு. நம்ம வூட்டுலே சஹருக்கு உம்மா அரிக்கன் லாம்புதான் எடுப்பாங்க. கொல்லையிலே காத்துக்குச் சிம்னி அணைஞ்சு போயிரும்" என்றார்கள்.

அதையும் திருத்திக்கொண்டேன். அடுத்த முறை அந்தத் தம்பி வரும்போது கவிதையை அவர் கையில் கொடுப்பேன். அவர் ஊரில் வாப்பாவுக்கு என்ன விளக்கு, என்ன செருப்பு, பசியாற என்ன வைப்பார்கள் என்று கேட்பேன்.